மழலையர்க்கு ஒரு மழைப் பாட்டு

குடுமியான்மலைக் குடைவரைக் கோயிலை அடுத்த பாறையில் உள்ள இசைக் கல்வெட்டை நம் மாணவியர் பலரும் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதில், ஏழு பண்களுக்குரிய சுரங்கள் நான்கு நான்காகக் கூட்டி எழுதப்பட்டுள்ளன. மாணாக்கரின் நன்மைக்காக இதைச் செய்ததாக ஓர் அரசன் அதன் இறுதியில் கூறுகிறான். ஆகவே பாடத்தைச் சிறு சிறு கட்டாக்கி, ஓசையோடு மனத்தில் பதிய வைக்கும் முறை இவ்வூருக்குப் புதிதன்று. அம்முறையில் மழையையும் காற்றையும் சிறு குழந்தைகளுக்குக் கற்பிப்பது எவ்வாறு? ஆசிரியப் பயிற்சிக்குச் செல்லவிருக்கும் மாணவியரும் தாய்மாரும் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

மழலையர் வகுப்புகளில் மழையைப் "போ, போ" என்று விரட்டும் ஆங்கிலப் பாட்டு ஒன்று இன்றும் பாடப்படுகிறது. ஆண்டு முழுதும் தூறல் விழும் நாட்டில், விளையாடத் துடிக்கும் குழந்தை அப்படிப் பாடுவது இயற்கை. நமக்கோ அது பொருந்துமா? தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. அம்மூன்று மாதங்கள் பொய்த்தால் புதுக்கோட்டைச் சீமையின் கண்மாய்கள் வறண்டு கிடக்கும். அப்படிப்பட்ட மண்ணில் பிறந்த குழந்தை, கையை ஆட்டி மழையை அனுப்பி வைக்கிறது!

நமக்குப் பாட்டுப் பஞ்சமா என்றால், இல்லை. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989) பிறந்த இராயவரம் நம் மாவட்டத்தில்தான் உள்ளது. குழந்தை வாயில் தடுக்காத எளிய சொல், கைதட்டுக்கு ஏற்ற ஓசை, கண்ணால் கண்ட பொருள் ஆகியவற்றைக் கொண்டே அவர் பாடினார். அவ்வழியில் நாமும் நம் ஊர் வானத்துக்கு ஏற்ற நாலு வரி கட்டிக்கொள்ளலாம். இதோ ஒன்று:

வாடைக் காத்து வந்தாச்சு
வானம் கறுத்து நின்னாச்சு
கண்மாய் நிறையப் பெய்யணும்
கலிங்கு தாண்டிப் பாயணும்

இலக்கணப் பிழை என்று எவரும் சிவப்பு மை எடுக்க வேண்டாம். ஐந்து வயதுக் குழந்தை வீட்டில் பேசுவது இப்படித்தான்.

பாட வைத்ததோடு நின்றுவிட்டால் அது வெறும் ஒப்பித்தல். முதல் வரியைப் பாடும்போது குழந்தைகளை வெளியே அழைத்துச் செல்லுங்கள். காலைச் சூரியனைப் பார்த்து நிற்கச் செய்தால் இடக்கைப் பக்கம் வடக்கு. ஒரு குச்சியில் பழைய ரிப்பனைக் கட்டிப் பிடித்தால் காற்று எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். இங்கே பெரியவர்களும் தடுமாறுவது உண்டு. ரிப்பன் பறந்து செல்லும் திசையின் பெயர் காற்றுக்கு இல்லை. காற்று புறப்பட்டு வரும் திசையே அதன் பெயர். வடகிழக்குக் காற்றில் ரிப்பன் தென்மேற்கு நோக்கிப் பறக்கும். கன்னத்தில் குளிர் படும் பக்கத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னால் குழந்தைகள் விரைவில் கண்டுகொள்வார்கள்.

மூன்றாம் வரிக்கு ஒரு பாத்திரம் போதும். அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அதில் அடிக்கோலை நிறுத்திப் பாருங்கள். வானிலைத் துறையினர் அளப்பதும் அந்நேரத்தில்தான். ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் நீர். பத்துச் சதுர மீட்டர் முற்றத்தில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 200 லிட்டர்! எத்தனை குடம் என்று பெரிய வகுப்பு அக்காமார் கணக்கிட்டுச் சொல்லட்டும்.

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை, தும்பி தாழப் பறந்தால் மழை என்று பாட்டிமார் சொல்வர். அதைச் சிரித்துத் தள்ளவும் வேண்டாம். அப்படியே நம்பவும் வேண்டாம். தும்பியைக் கண்ட நாளில் சுவரில் ஒரு தும்பி வரைந்து, மழை பெய்தால் பக்கத்தில் ஒரு துளி வரையட்டும். எத்தனை தும்பிக்குத் துளி கிடைத்தது என்று மாதக் கடைசியில் எண்ணலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இடி. "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லி அச்சத்தைப் போக்குவது நம் பக்கத்துப் பழக்கம். ஆனால் குழந்தையோ புளியமரத்தடியில் ஒதுங்கி நின்றுகொண்டே அதைச் சொல்லும். மழைக்கு ஒதுங்கும் அதே மரம் மின்னலை ஈர்க்கும் என்பது அதற்குத் தெரியாது. ஆதலால் இந்தப் பாட்டை மட்டும் ஓடிக்கொண்டே பாடப் பழக்க வேண்டும்:

மின்னல் கண்ணில் பட்டதா?
இடியும் காதில் கேட்டதா?
மரத்தின் அடியை விட்டிடு
வீட்டுக் குள்ளே வந்திடு

வெயில் நாளிலேயே இதை விளையாட்டாகப் பழக்கலாம். ஆசிரியை மேசையைத் தட்டினால் இடி. மைதானத்தில் இருக்கும் குழந்தைகள் பாட்டு முடிவதற்குள் வகுப்பறைக்குள் வந்துவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை, மழை விட்டிருந்தாலும், யாரும் வெளியே போகக் கூடாது. கண்மாய் நிறைந்து கலிங்கு பாயும் நாளில் பெரியவர் துணையின்றி அங்கே வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது என்பதையும் அந்த அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுக்கலாம்.