ஸ்க்ரூவைக் கடைசியா தொடு, தங்கச்சி

அப்பாவோட ஸ்ப்ளெண்டர் பெட்ரோலைக் குடிக்குது, பின்னாடி கறுப்பா புகை வருதுன்னு சொன்னியே, உடனே ட்யூனிங்குக்கு விட்டுடாதே. பல இடத்துல ட்யூனிங்னா முதல் வேலையா கார்புரேட்டர் பக்கவாட்டுல இருக்கிற ஸ்க்ரூவைத்தான் திருப்புவாங்க. கோளாறு வேற எங்கயோ இருக்கும். ஸ்லோ கொஞ்சம் சரியான மாதிரி தெரியும், அப்புறம் பழையபடி ஆயிடும். காசு செலவில்லாத இடத்துலேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா பார்த்துட்டு வா.

முதல்ல பெட்ரோல்தான் கூடுதலா போகுதான்னு உறுதி பண்ணிக்க. புகை கறுப்பா இருந்தா பெட்ரோல். நீலமா இருந்தா ஆயில் எரியுது. அது பிஸ்டன் ரிங், வால்வு சமாச்சாரம், கார்புரேட்டரை நோண்டிப் பிரயோஜனம் இல்ல. காலையில சோக் இல்லாமலே சட்டுன்னு ஸ்டார்ட் ஆகி, சூடானப்புறம் திணறுச்சுன்னா அதுவும் பெட்ரோல் அதிகம்ங்கறதுக்கு அடையாளம்தான்.

இதையெல்லாம் விட பிளக் பொய் சொல்லாது. ஆளில்லாத ரோட்டுல கொஞ்ச தூரம் ஒரே வேகத்துல ஓட்டி, கிளட்சைப் பிடிச்சு இன்ஜினை ஆஃப் பண்ணி ஓரங்கட்டு. வீட்டு வாசல்ல ஸ்லோவுல ஓடவிட்டுட்டுப் பார்த்தா ஸ்லோவுல படிஞ்ச கரிதான் தெரியும். சூடு ஆறினதும் கழட்டிப் பாரு. நடு முனையைச் சுத்தியிருக்கிற பீங்கான் இளம் காபி நிறத்துல இருந்தா நல்ல பிளக். விரலால தேய்ச்சா பொடியா உதிர்ற காஞ்ச கரி இருந்தா பெட்ரோல் அதிகம். ஈரமா, பிசுபிசுன்னு இருந்தா ஆயில்.

அடுத்தது சோக். லீவர் திரும்பிடுச்சுங்கறதை மட்டும் நம்பாதே. ஏர் ஃபில்டர் பக்கத்து ரப்பர் குழாயைக் கழட்டி, கார்புரேட்டர் வாயில டார்ச் அடிச்சுப் பாரு. உள்ள இருக்கிற தகடு காத்துக்கு வழிவிட்டு முழுசா திறந்திருக்கணும். துரு, அழுக்கால பாதியில நின்னிருந்தா வண்டி நாள் முழுக்க சோக் போட்டே ஓடுதுன்னு அர்த்தம். பழைய வண்டியில இது நிறைய நடக்குது, யாரும் பார்க்கறதில்ல.

கையோட ஏர் ஃபில்டரையும் பாரு. ஒரு கிராம் பெட்ரோல் சரியா எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காத்து வேணும். ஃபில்டர் அடைச்சா காத்து குறையும், பெட்ரோல் பங்கு தானா கூடிடும். 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 மாசு விதி வந்தப்புறம் புது பைக்குங்கள்ல இந்தக் கணக்கை சென்சாரும் இன்ஜெக்‌ஷனும் பார்த்துக்குது. அப்பா வண்டியில நீதான் பார்க்கணும். ஸ்பான்ஜ் ஃபில்டர்னா மண்ணெண்ணெயில கழுவிக் காயவச்சு, சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டுப் பிழிஞ்சு மாட்டு. எண்ணெய்ப் பிசுக்கோடவே வர்ற பேப்பர் ஃபில்டர்னா ஏர் அடிக்கக் கூடாது, புதுசு மாத்திடு.

இதுவரைக்கும் எல்லாம் சரின்னா ஃப்ளோட்டைச் சந்தேகப்படு. மேல்தொட்டியில தண்ணி நிறைஞ்சதும் மிதவைப் பந்து குழாயை அடைக்குமே, அதே வேலைதான். ஃப்ளோட் மேல வந்து ஊசியைத் தள்ளி பெட்ரோல் வழியை மூடணும். பெட்ரோல் டேப்பைத் திறந்து வச்சா ஓவர்ஃப்ளோ குழாயில சொட்டுதான்னு பாரு. சொட்டினா ஊசி மூடலை. கார்புரேட்டர் அடிக்கிண்ணத்தைக் கழட்டறப்ப இன்ஜின் ஆறியிருக்கணும், வெளியில காத்தோட்டமா இருக்கணும், பக்கத்துல விளக்கோ அடுப்போ சிகரெட்டோ கூடவே கூடாது. இதுல சமரசம் பண்ணிக்காதே. ஊசியோட கூம்பு முனையை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாரு. சுத்தி வளையமா ஒரு தேய்மானக் கோடு தெரிஞ்சா மாத்தணும். ஃப்ளோட்டைக் காதுகிட்ட வச்சு ஆட்டு. உள்ள பெட்ரோல் குலுங்கினா அது ஓட்டை.

அப்புறம்தான் ஜெட், அதாவது கார்புரேட்டர்ல பெட்ரோலை அளந்து விடற பித்தளைத் துளை. எந்த வேகத்துல திணறுதுன்னு கவனிச்சா பாதி வேலை முடிஞ்சுது. ஸ்லோவுல மட்டும்னா ஸ்லோ ஜெட், ஸ்க்ரூ பக்கம்; நடுத்தர வேகத்துலன்னா ஸ்லைடோட தொங்கற நீடிலும் அது இறங்கற துளையும் தேஞ்சிருக்கும்; முழுசா முறுக்கினாத்தான்னா மெயின் ஜெட். அடைப்பு எடுக்க இரும்புக் கம்பி விடறதை மட்டும் அனுமதிக்காதே. பித்தளைத் துளை துளியூண்டு பெருசானாலும் பெட்ரோல் கூடும், அதைத் திரும்பச் சின்னதாக்க வழியே இல்ல. கார்புரேட்டர் க்ளீனர் ஸ்ப்ரேயும் ஏரும் போதும்.

இப்ப ஸ்க்ரூவுக்கு வா. அது இன்ஜின் பக்கம் இருந்தா உள்ள திருப்பத் திருப்ப பெட்ரோல் குறையும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா தலைகீழ்: உள்ள திருப்பினா காத்து குறைஞ்சு பெட்ரோல் பங்கு கூடும். இது தெரியாம திருப்பிக் கெடுத்த வண்டிங்க ஏராளம். மெதுவா மூடி, எத்தனை சுத்துல மூடுதுன்னு எண்ணி எழுதி வச்சுட்டு, அதே இடத்துக்குக் கொண்டு வா. இறுக்கி மூடினா முனை நசுங்கிடும். வண்டி நல்லா சூடானப்புறம் கால் சுத்து கால் சுத்தா திருப்பு. இன்ஜின் சத்தம் சீரா, வேகமா ஓடற இடத்துல நிறுத்தி, ஸ்லோவை ஐடில் ஸ்க்ரூவுல குறைச்சுக்க.

ஊட்டிக்கு ஏறறப்ப வண்டி மந்தமாச்சுன்னா பயப்படாதே. 2,200 மீட்டருக்கு மேல காத்தே மெலிசு, அதனால பெட்ரோல் பங்கு கூடித் தெரியும். அங்க ட்யூன் பண்ணிட்டு மேட்டுப்பாளையம் இறங்கினா கீழ பெட்ரோல் பத்தாம இன்ஜின் சூடேறும்.

எல்லாம் முடிஞ்சதும் ஆயில் கேஜை எடுத்து முகர்ந்து பாரு. பெட்ரோல் வாசனை அடிச்சாலோ, அளவு முன்ன விட ஏறியிருந்தாலோ, கூடுதல் பெட்ரோல் ஆயில்ல இறங்கி அதை நீர்த்துப்போக வச்சிருக்கு. கிலோமீட்டர் கணக்கு பார்க்காம அன்னைக்கே ஆயிலை மாத்திடு. ராத்திரி வண்டியை நிறுத்தறப்ப பெட்ரோல் டேப்பை ஆஃப்ல வை. மெக்கானிக்கிட்ட ஜெட் மாத்தச் சொன்னா, மேல பொறிச்சிருக்கிற நம்பர் பழசும் புதுசும் ஒண்ணுதானான்னு பார்த்துட்டு, பழசைக் கையில வாங்கிக்க.