வயிரம் பாய்ந்த மரங்கள்

ஓய்வு நேரத்தில் உளியும் இழைப்புளியும் ஏந்தி மரவேலை பயில்வோர் பலர். அன்னோர் உள்ளத்தைப் பெரிதும் கவர்வன அரிய மரங்களாம். கருங்காலியின் வயிரம் மையெனக் கறுத்திருக்கும். செம்மரம் எனப்படும் செஞ்சந்தனத்தின் வயிரமோ குருதியெனச் சிவந்திருக்கும், நீரிலிட்டால் மூழ்கும்.

ஆந்திர மாநிலத்தின் தென்பகுதி மலைகளில் மிகுதியாக வளரும் செம்மரம் வயிரம் பாய்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். வெட்டுவோர் விரைவுக்கு அதன் வளர்ச்சி ஈடுகொடாது. ஆதலின், 1995ஆம் ஆண்டு முதல் அதன் பன்னாட்டு வாணிகம் உலக நாடுகளின் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

தஞ்சை வீணை நம் தோட்டத்துப் பலாமரத்தால் ஆவதன்றோ! பொன்னிறமான பலாப்பலகை நாளடைவில் செம்பழுப்பாக முதிரும். வீழ்ந்த வேம்பை இழைப்பவனும் அதன் வரிகளில் அழகைக் காண்பான். அரியதைக் காத்து, எளியதைப் போற்றுதலே மரவேலை பயில்வோர்க்கு அழகு.