உயிர்ப்புள்ளி பூச்சியமானால்: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை அறிந்துகொள்வோம்

நெடுநாள் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகள் படுக்கையில் அமர்ந்தபடியே ஆடத்தக்க விளையாட்டுகளுள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஒன்று. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கி, 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியிட்ட ஆட்டம் இது. காகிதம், பென்சில், சில பகடைகள் ஆகியவை இருந்தால் போதும். ஒருவர் ஆட்ட நடத்துநராக இருந்து கதையைச் சொல்லுவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று அக்கதைக்குள் நடமாடுவர்.

பிள்ளை நீட்டும் பாத்திரத் தாளில் நிறைந்திருக்கும் எண்களைக் கண்டதும் பெற்றோர் பலர் பின்வாங்கிவிடுகின்றனர். அவ்வாறு விலகிவிட வேண்டியதில்லை. இவ்வாட்டத்தில் பாத்திரங்கள் அடிபட்டு வீழ்வதுண்டு. நோயுற்ற பிள்ளையின் பாத்திரம் வீழும்போது, அருகில் அமர்ந்திருப்பவருக்கு விதி தெரிந்திருப்பது மிகவும் நல்லது. கீழே கூறப்படுவன, 2014இல் வெளியான ஐந்தாம் பதிப்பிற்கும் அதன் 2024ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கும் பொதுவான விதிகள்.

ஒவ்வொரு பாத்திரத்திற்கும் ஆறு திறன்கள் உண்டு: வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, நுண்ணறிவு, விவேகம், வசீகரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் இருக்கும். 10 அல்லது 11 என்பது சராசரி. அதற்கு மேல் ஒவ்வோர் இரண்டு மதிப்பெண்ணுக்கும் பகடையில் ஒன்று கூடும். கீழே இறங்கினால் அவ்வாறே குறையும். வலிமை 16 உடைய போர்வீரர் மூன்றைக் கூட்டிக்கொள்வார். வலிமை 8 உடைய மந்திரவாதி ஒன்றைக் கழித்துக்கொள்வார். பெரிய மதிப்பெண்ணைக் கண்டு மயங்க வேண்டா. ஆட்டத்தில் பெரும்பாலும் பயன்படுவது இந்தச் சிறிய கூட்டு எண்தான்.

போர் தொடங்கியதும் ஒவ்வொருவரும் இருபது முகப் பகடையை உருட்டி, சுறுசுறுப்பின் கூட்டு எண்ணைச் சேர்த்து, யாருக்குப் பின் யார் என்பதை முடிவு செய்வர். தம் முறை வரும்போது ஒருவர் குறிப்பிட்ட தூரம் நகரலாம். ஒரு செயலைச் செய்யலாம். சில பாத்திரங்களுக்குச் சிறு துணைச்செயல் ஒன்றும் கிடைக்கும். தாக்குவது ஒரு செயல். மேற்சொன்ன வீரர் பழகிய வாளை வீசினால், வலிமைக்கு மூன்று, பயிற்சிக்கு இரண்டு என ஐந்தைப் பகடையோடு கூட்டுவார். எதிரியின் கவச எண் 15 எனில், பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும். அடி பட்டால் வேறு பகடைகளை உருட்டிச் சேதத்தைக் கணக்கிட்டு, எதிரியின் உயிர்ப்புள்ளிகளிலிருந்து கழிக்க வேண்டும்.

இந்த உயிர்ப்புள்ளி என்னும் சொல்லே மருத்துவமனையில் சற்று விளக்கம் வேண்டுவது. முதல் நிலையில் உள்ள, உடலுறுதி 14 உடைய போர்வீரருக்கு 12 உயிர்ப்புள்ளிகள் இருக்கும். இவை உடலின் நலத்தை அளக்கும் எண்கள் அல்ல. உடலின் தாக்குப்பிடிப்பு, மனத்தின் தெம்பு, நல்லூழ் ஆகிய எல்லாம் கலந்த கணக்கு என்றே விதிநூல் கொள்கிறது. ஒரேயொரு புள்ளி எஞ்சியிருப்பவரும் முழுப் பலத்தோடு வாள் வீசலாம்.

புள்ளிகள் பூச்சியமானால் பாத்திரம் நினைவிழந்து விழும், இறந்துவிடாது. எஞ்சிய சேதமே அப்பாத்திரத்தின் முழு உயிர்ப்புள்ளி அளவுக்கு இருந்தால் மட்டும் உடனடி மரணம், அது அரிது. மற்றபடி, விழுந்தவர் தம் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்டுவார். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு வெற்றி; குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் நிலை சீராகும். மூன்று தோல்வி சேர்ந்தால் மரணம். 20 விழுந்தால் ஒரு புள்ளியோடு கண் விழிப்பார். 1 விழுந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்காகும்.

இந்த உருட்டலில் ஆறு திறன்களில் எதுவும் சேராது. நஞ்சை எதிர்க்க உடலுறுதியைக் கூட்டலாம், மாயத்தை எதிர்க்க விவேகத்தைக் கூட்டலாம். வீழ்ந்து கிடக்கும்போது வெறும் பகடை மட்டுமே. இவ்வாட்டத்தின் விதிகளுள் நான் மிகவும் மதிப்பது இதுவே. பிழைக்காமல் போனவருக்கு மனவுறுதி போதவில்லை என்று சொல்ல இவ்விதி இடம் கொடுப்பதில்லை. “தைரியமாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்ற சொல்லைப் பார்வையாளர்களிடம் பலமுறை கேட்டுக் களைத்த நோயாளிக்கு இதன் அருமை விளங்கும்.

கணக்கை மாற்ற வல்லவர்கள் தோழர்கள். தெய்வ அருள் பெற்ற குருவாக ஆடுபவர் ஆசி மந்திரத்தைச் சொல்லியிருந்தால், விழுந்தவரின் ஒவ்வோர் உருட்டலிலும் நான்கு முகப் பகடை ஒன்று கூடுதலாகச் சேரும். இருபது முகங்களில் பதினொன்று வெற்றி தருவதாக இருந்த நிலை, சராசரியாகப் பதின்மூன்றரை என உயரும். குணமாக்கும் சொல் என்னும் மந்திரத்தை 60 அடி தொலைவிலிருந்தே துணைச்செயலாகச் சொல்லலாம். ஒரு புள்ளி திரும்பினாலும் விழுந்தவர் கண் விழிப்பார். மந்திரம் அறியாதவரும் அருகில் சென்று, தம் செயலைச் செலவிட்டு முதலுதவி செய்யலாம். அதற்கு விவேகத்தின் கூட்டு எண்ணோடு, மருத்துவப் பயிற்சி இருந்தால் அதையும் சேர்த்து, 10 வந்தால் போதும். ஆகவே, பெற்றோருக்கு எப்பாத்திரம் ஏற்றது என்று கேட்டால், குருவையே பரிந்துரைப்பேன்.

ஆட்ட நடத்துநருக்கு ஒரு சொல். விழுந்து கிடப்பவரை அருகில் நின்று தாக்கி அடி பட்டால், இரண்டு தோல்விகள் ஒருசேர விழும். எதிரிகள் அவ்வாறு செய்ய விதி இடம் தருகிறது, கட்டாயப்படுத்தவில்லை. அவர்களை நின்றுகொண்டிருக்கும் வீரர்பால் திருப்பிவிடுவது தவறாகாது. பாத்திரம் இறப்பதைக் கதையில் ஏற்பதா, வேண்டாவா என்பதை ஆட்டம் தொடங்குமுன் பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கலாம் என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் ஏன் என்று துருவ வேண்டா.

பகடைகள் கழுவித் துடைக்கத்தக்க பிளாஸ்டிக்கால் ஆனவையாக இருக்கட்டும். விளிம்புள்ள தட்டில் உருட்டினால் கட்டிலுக்கடியில் ஓடா. ஊசி போடவோ இரத்த அழுத்தம் பார்க்கவோ செவிலியர் வந்தால், யாருடைய முறை, யாருக்கு எத்தனை புள்ளி என்பதைக் குறித்து வைத்துவிட்டு நிறுத்துங்கள். மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரலாம்.