டிக்கியில் தூங்கும் சார்ஜர்

மின்சார காரோடு வரும் 15 ஆம்பியர் போர்ட்டபிள் சார்ஜரைப் பலரும் டிக்கியில் போட்டுவிட்டு மறந்துபோகிறார்கள். வீட்டில் சுவர் சார்ஜர், நெடுஞ்சாலையில் ஃபாஸ்ட் சார்ஜர் இருக்க, இது அவசரத்துக்குத்தானே என்கிற நினைப்பு. அது தேவைப்படும் இடமோ பெரும்பாலும் ஊரில் உறவினர் வீடாகவோ, ஏதோவொரு லாட்ஜாகவோ இருக்கும். அந்த நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. சார்ஜர் பெட்டியைப் பிரித்து நாம் கைவைக்க உள்ளே எதுவும் இல்லை. நம் பராமரிப்புக்கு எட்டுபவை பிளக்கின் பின், சாக்கெட், எர்த் ஆகிய மூன்றும்தான். அவசரத்தில் காலை வாருபவையும் பெரும்பாலும் அவையே.

ஏன் என்பதற்குக் கணக்கே சாட்சி. 2,000 வாட் கீசர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும். கார் 3,300 வாட்டை மணிக்கணக்கில் இழுக்கும். 30 யூனிட் பேட்டரி காலியாக இருந்தால் 9 மணி நேரத்துக்கு மேல். சாக்கெட்டுக்குள் பின்னைப் பிடிக்கும் தகடு தளர்ந்து, தொடும் இடத்தில் 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 ஆம்பியர் ஓடும்போது அங்கே 22.5 வாட் வெப்பம் பிறக்கும். ஒரு சிறு சால்டரிங் அயர்னைச் சாக்கெட்டுக்குள் சொருகி ராத்திரி முழுக்க விட்டதற்குச் சமம். அதே இடத்தில் 10 ஆம்பியர் ஓடினால் வெப்பம் 10 வாட்தான். ஆகவே சார்ஜரில் ஆம்பியரைக் குறைக்கும் வசதி இருந்தால், அறியாத சாக்கெட்டில் முதலில் 10 ஆம்பியரில் வையுங்கள். அரை மணி கழித்து பிளக்கின் மேல்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, கருகல் வாடை என்றால் காரிலோ ஆப்பிலோ சார்ஜை நிறுத்தி, வேறு பாயிண்ட் தேடுங்கள்.

மாதம் ஒரு முறை செய்ய வேண்டிய வேலை சிறியதுதான். எதிலும் சொருகாத நிலையில் கேபிளை முழுக்க விரித்து, எலி கடித்த தடமோ வெடிப்போ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிளக்கின் மூன்று பின்களும் பளிச்சென்று இருக்க வேண்டும். கருமையோ சிறு குழிகளோ தெரிந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கியதில் தெறித்த பொறியின் வேலையாக இருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். முலாம் போய்விட்டால் இன்னும் சீக்கிரம் கறுக்கும். உலர்ந்த துணியே போதும், எண்ணெயும் வேண்டாம். காரில் மாட்டும் கன்னின் மூடி தொலைந்திருந்தால் உடனே வாங்கிவிடுங்கள். திறந்து கிடக்கும் துளைக்குள் குளவி மண்கூடு கட்ட அதிக நாள் தேவையில்லை. பிறகு சுவரில் சொருகி, பச்சை விளக்கு வந்ததும் கன்னைக் காரில் மாட்டி, ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள். கழற்றும்போது வரிசை தலைகீழ்: சார்ஜை நிறுத்தி, கன்னை எடுத்து, கடைசியில் சுவர் பிளக். பெட்டியைப் பிளக்கிலிருந்து தொங்கவிடாமல் ஆணியில் மாட்டுங்கள் அல்லது தரையில் வையுங்கள். அந்தக் கனம்தான் சாக்கெட்டைத் தளர்த்துகிறது. தேவையில்லாமல் சொருகினால் தேயாதா என்று கேட்கலாம். டைப் 2 கன் 10,000 முறை மாட்டிக் கழற்றுவதைத் தாங்க வேண்டும் என்பது தர விதி. மாதம் ஒரு முறை என்றால் 800 ஆண்டுகளுக்கு மேல் வரும்! சுவர் சாக்கெட் அவ்வளவு தாங்காதுதான். ஆனால் அதை மாற்றச் சில நூறு ரூபாய் போதும்.

எர்த் விஷயத்தில்தான் ஆபத்தான யோசனைகள் நடமாடுகின்றன. எர்த் சரியில்லாத வீட்டில் சார்ஜர் ஓட மறுக்கும். உடனே யாராவது ஒருவர், நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் விளக்கு பச்சையாகிவிடும் என்பார். ஆகும், உண்மைதான். ஆனால் அந்த நியூட்ரல் எங்கேயாவது அறுந்தால் காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும். கதவைத் தொடுபவர் வழியாகத்தான் அது தரைக்கு இறங்கும். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 காட்டியது என்பதையும் முழுதாக நம்ப வேண்டாம். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம் என்பதால், காய்ந்து கிடக்கும் எர்த் குழியும் அதில் நல்லதாகத் தெரியும். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் டெஸ்டரால் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் பழைய வழக்கத்தை விட்டிருந்தால் மறுபடி தொடங்குங்கள். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மீட்டர் பெட்டியில் இருந்தால், அதன் டெஸ்ட் பட்டனையும் அவ்வப்போது அழுத்துங்கள். அழுத்தியும் விழாவிட்டால் அதை மாற்றியாக வேண்டும்.

வாசலில் நிற்கும் காருக்குக் கேபிள் எட்டவில்லை, எக்ஸ்டென்ஷன் போட்டால் என்ன என்பது நியாயமான கேள்வி. கடையில் கிடைக்கும் சாதா எக்ஸ்டென்ஷனின் மெல்லிய ஒயர் இந்தச் சுமைக்கானது அல்ல. சுருட்டியபடி ஓடினால் சூடு வெளியேற வழியும் இல்லை. போதாததற்குத் தளரக்கூடிய இடம் ஒன்று இரண்டாகிறது. அந்தக் காசுக்கு மேல் கொஞ்சம் போட்டு, 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில், தனி எம்.சி.பி.யோடும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யோடும் வாசலிலேயே ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட் இழுத்துவிடலாம். மழை படாத உயரத்தில், மூடியுள்ள பெட்டிக்குள். வெள்ளத்தில் மூழ்கிய சார்ஜரை மட்டும் வெயிலில் காயவைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம். அது நேராக சர்வீஸ் சென்டருக்குப் போகட்டும்.