ஒரு நிறத்தை மாற்ற இத்தனை பாடா?

எக்செல்லில் எண்களைக் கொடுத்து சார்ட் வரைந்து பார்த்திருப்பீர்கள். அதே வேலையைப் பெரிய அளவில் செய்யும் சாஃப்ட்வேர்களை விஞ்ஞானிகள் பயன்படுத்துகிறார்கள். லட்சக்கணக்கான எண்களை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்துப் படமாக்கித் தருபவை இவை. நான் தினமும் பயன்படுத்தும் மேட்பிளாட்லிப் அவற்றில் ஒன்று. பைதான் மொழியில் இயங்கும் இலவச சாஃப்ட்வேர். ஜான் ஹண்டர் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர், வலிப்பு நோயாளிகளின் மூளையில் பதிவான மின் துடிப்புகளைத் திரையில் பார்ப்பதற்காக இதை எழுதத் தொடங்கினார். 2012-ல் அவர் காலமான பிறகும் மற்றவர்கள் சேர்ந்து இதை வளர்த்து வருகிறார்கள்.

இதில் நாம் நிறம் எதுவும் குறிப்பிடாவிட்டால், முன்பெல்லாம் ‘ஜெட்’ என்ற நிற வரிசையைத் தானாகவே எடுத்துக் கொள்ளும். கருநீலத்தில் தொடங்கி, பச்சை, மஞ்சள் வழியாகக் கருஞ்சிவப்பில் முடியும். பார்க்க அழகுதான். சிக்கல் என்ன என்பதை நீங்களே சோதிக்கலாம். வானவில் நிறங்கள் உள்ள ஒரு வெப்பநிலை வரைபடத்தைத் திரையில் திறந்து கொள்ளுங்கள். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, கலர் ஃபில்டர்ஸ் என்று சென்று, ஃபில்டரை ஆன் செய்து, கிரேஸ்கேல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மிகக் குளிர்ந்த இடமும் மிகச் சூடான இடமும் ஒரே மாதிரி கருத்துத் தெரியும். நடுவில் உள்ள மஞ்சள் மட்டும் பளிச்சென்று நிற்கும். எண்களில் இல்லாத ஒரு கோட்டை நம் கண் அங்கே பார்த்துவிடுகிறது.

இது அழகு பற்றிய விவாதம் அல்ல. 2011-ல் வெளியான ஹார்வர்ட் ஆய்வு ஒன்றில், இதய ரத்தக் குழாய்களின் படங்களை மருத்துவ மாணவர்களிடம் காட்டினார்கள். தட்டையான படத்தில் வானவில் நிறங்கள் இருந்தபோது ஆபத்தான இடங்களில் 62 சதவீதத்தைக் கண்டுபிடித்தார்கள். நிற வரிசையை மாற்றியதும் அது 91 சதவீதமாக உயர்ந்தது.

அப்படியானால் உடனே மாற்றிவிட வேண்டியதுதானே? இங்கேதான் எங்களைப் போன்றவர்களின் தலைவலி ஆரம்பிக்கிறது. உலகம் முழுவதும் பலர் எழுதி வைத்த பழைய புரோகிராம்கள் மறுநாளே வேறு படம் வரையும். பாதி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் முதல் படம் ஒரு நிறம், ஐந்தாவது படம் வேறு நிறம்! இன்னொன்று, இந்த சாஃப்ட்வேர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, அது வரையும் படங்களைச் சேமித்து வைத்த மாதிரிப் படங்களோடு ஒப்பிடுகிறார்கள். எழுத்துருவில் சிறு மாற்றம் வந்தாலே சோதனை தோற்றுவிடும். புதிதாக எழுதுவதைவிடப் பழையதைக் கெடுக்காமல் திருத்துவதுதான் கடினம் என்பேன்.

‘விரிடிஸ்’ என்ற புதிய வரிசை 2015-லேயே தயார். கரும் ஊதாவில் தொடங்கி மஞ்சள் வரை சீராக வெளுத்துக் கொண்டே போகும். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் வரிசை குலையாது. ஆனால் 2017 ஜனவரியில் வந்த 2.0 பதிப்பில்தான் அது ஜெட்டின் இடத்தைப் பிடித்தது. பழைய தோற்றமே வேண்டும் என்பவர்கள் ஒரே வரியில் திரும்பப் பெற ‘கிளாசிக்’ என்ற வசதியையும் கூடவே கொடுத்தார்கள்.

ஜெட்டை நீக்கிவிடவில்லை. பெயர் சொல்லிக் கேட்டால் இன்றும் கிடைக்கும். நீங்கள் எக்செல்லில் கலர் ஸ்கேல் போடும்போது, ஒரே நிறம் வெளிறியதிலிருந்து அடர்த்தியாகும் வகையைத் தேர்ந்தெடுங்கள்.