காலில் புண், கையில் ஒப்புதல் படிவம்

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. இவர்களில் பலருக்குப் பாதத்தில் புண் வரும். மாதக்கணக்கில் ஆறாமலும் இருக்கும். அந்த நேரத்தில் மருத்துவர் ஒரு படிவத்தை நீட்டி, "புது மருந்து ஒன்றை ஆய்வு செய்கிறோம், சேர்ந்துகொள்கிறீர்களா?" என்று கேட்கலாம். தாராளமாகச் சேருங்கள். இன்று கையில் இருக்கும் நல்ல சிகிச்சைகள் அப்படிச் சேர்ந்தவர்களால் கிடைத்தவைதான். சேருவதற்கு முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

செய்ய வேண்டியவை

● புது மருந்து கிடைக்காதவர்களுக்கு என்ன சிகிச்சை தருவீர்கள் என்று முதலில் கேளுங்கள். புது மருந்து பெறும் குழு, பெறாத குழு என்ற இரண்டில் நீங்கள் எதில் சேருவீர்கள் என்பதைக் குலுக்கல் முறைதான் முடிவு செய்யும். மருத்துவர் கையில்கூட அது இல்லை. எனவே மற்றக் குழுவுக்கும் முழுமையான பராமரிப்பு இருக்க வேண்டும். இறந்த சதையை நீக்குவது, தொற்றுக்கு மருந்து, சர்க்கரைக் கட்டுப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாகப் புண்ணின் மீது பாரம் விழாமல் பார்த்துக்கொள்வது. இவ்வளவும் இருந்தால் எந்தக் குழுவில் விழுந்தாலும் உங்களுக்கு நஷ்டம் இல்லை.

● பாரத்தைக் குறைப்பது எப்படி என்பதைத் தனியாகக் கேளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கால்களைப் பார்த்துப் புரிந்துகொண்டது இது: உணர்ச்சி இல்லாத பாதம் வலிக்காது, வலிக்காததால் மனிதர் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் மிதிக்கிறார், புண் அதனால்தான் ஆறுவதில்லை. பாதத்தோடு ஒட்டிய மாவுக்கட்டைப் போட்டுவிட்டால் நடந்தாலும் புண் ஆறும். 1966-இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இந்த முறையும் கூடவே போனது. பிறகு சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்பட்டது. அமெரிக்காவில் 63 பேரிடம் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், 12 வாரத்தில் மாவுக்கட்டுப் போட்டவர்களில் சுமார் 90 சதவீதத்தினருக்குப் புண் ஆறியது. கழற்றி மாட்டும் காலணி போட்டவர்களில் 65 சதவீதத்தினருக்கு ஆறியது.

இந்த வித்தியாசம் ஏன்? இன்னோர் ஆய்வு காட்டிக்கொடுத்தது. 20 நோயாளிகளின் இடுப்பில் ஒன்று, காலணிக்குள் அவர்களுக்குத் தெரியாமல் ஒன்று என நடையை அளக்கும் கருவிகளை வைத்துப் பார்த்தார்கள். மொத்த நடமாட்டத்தில் 28 சதவீதத்தின்போதுதான் காலணி காலில் இருந்தது. நம் வீடுகளில் இது இன்னும் குறையலாம். பாதத்தைக் காக்கும் மென்ரப்பர் (எம்.சி.ஆர்.) செருப்பு வாசலில் கிடக்கும். மனிதர் சமையலறைக்கும் பூஜையறைக்கும் கழிப்பறைக்கும் வெறுங்காலோடு நடப்பார். வீட்டுக்குள் போட என்றே தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். மாவுக்கட்டு உங்களுக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ரத்த ஓட்டம் மிகக் குறைவாக இருந்தாலோ தொற்று கடுமையாக இருந்தாலோ போடமாட்டார்கள்.

● காலுக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பரிசோதித்தார்களா எனக் கேளுங்கள். ரத்தம் போகாத காலில் எந்தக் களிம்பும் வேலை செய்யாது.

● படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய், தமிழில் படித்து, பிள்ளைகளிடமும் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேட்டின் (சி.டி.ஆர்.ஐ.) பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். 2009-லிருந்து இந்தியாவில் மருந்து ஆய்வுகளுக்கு அந்தப் பதிவு கட்டாயம். அதன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். புது மருந்து ஆய்வால் உடலுக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்று 2019-இல் வந்த விதிகள் சொல்கின்றன. எந்த நாளிலும் விலகலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது.

● நான்காவது வாரம் புண்ணின் அளவைக் கேட்டு எழுதி வையுங்கள். 2003-இல் 203 பேரை வைத்துப் பார்த்ததில், நான்கு வாரத்தில் புண் பாதிக்கு மேல் சுருங்கியவர்களில் 58 சதவீதத்தினருக்கு 12 வாரத்தில் முழுதாக ஆறியது. அவ்வளவு சுருங்காதவர்களில் 9 சதவீதத்தினருக்கு மட்டுமே ஆறியது. சுருங்கவில்லை என்றால் அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்க வேண்டிய நாள் அதுதான்.

● ஆய்வு முடிந்த பிறகும் உங்கள் தொலைபேசி எண் மாறினால் குழுவுக்குச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்குப் போடும் பெகாப்ளெர்மின் ஜெல்லுக்கு அமெரிக்காவில் 1997-இல் அனுமதி கிடைத்தது; புற்றுநோய்ச் சாவு குறித்த எச்சரிக்கை 2008-இல் சேர்ந்தது; மேலும் தரவுகளைப் பார்த்த பிறகு 2018-இல் அது நீக்கப்பட்டது. பயன்படுத்தியவர்களைத் தொடர்ந்து கவனிக்காமல் இதெல்லாம் தெரியவராது.

செய்யக்கூடாதவை

● கற்பூரவல்லியையும் வல்லாரையையும் அரைத்துப் புண்ணில் வைக்காதீர்கள். இந்த இரண்டின் சாறுகளிலிருந்து தைவானில் ஓ.என்.101 என்ற களிம்பு வந்திருப்பது உண்மை. 236 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், 16 வாரத்தில் களிம்பு போட்டவர்களில் சுமார் 61 சதவீதத்தினருக்கும், நீர் உறிஞ்சும் கட்டுப் போட்டவர்களில் 35 சதவீதத்தினருக்கும் புண் முழுதாக ஆறியது. நம் கொல்லையில் வளரும் செடி என்று பெருமைப்படலாம். ஆனால் ஆய்வில் போட்டது தரம் பார்த்துப் பிரித்தெடுத்த சாறு. அம்மியில் அரைத்த இலையோடு மண்ணும் கிருமியும் சேர்ந்தே போகும். உணர்ச்சி இல்லாத காலில் தொற்று ஏறினாலும் உடனே தெரியாது.

● ஒருவருக்கு ஆறியதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். பழைய ஆய்வுகளில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற குழுக்களை ஒன்றாகத் திரட்டி 1999-இல் கணக்கிட்டார்கள். 12 வாரத்தில் 24 சதவீதத்தினருக்கும் 20 வாரத்தில் 31 சதவீதத்தினருக்கும் புண் ஆறியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எந்த எண்ணெய் போட்டிருந்தாலும் இவர்களில் ஒருவராக இருந்திருக்கலாம். ஐரோப்பாவில் 240 பேரிடம் நடந்த எக்ஸ்ப்ளோரர் ஆய்வில், சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் கட்டுப் போட்டவர்களில் 48 சதவீதத்தினருக்கும் அது சேராத அதேபோன்ற கட்டுப் போட்டவர்களில் 30 சதவீதத்தினருக்கும் 20 வாரத்தில் ஆறியது. இரண்டு குழுவுக்கும் இடையே உள்ள அந்த 18-ஐப் பார்த்துத்தான் மருந்தை எடைபோட வேண்டும்.

● "சுருங்கியது" என்பதை "ஆறியது" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தோல் முழுதாக மூடி, நீர் வடியாமல், கட்டு தேவைப்படாமல், இரண்டு வாரம் கழித்துப் பார்த்தாலும் அப்படியே இருந்தால்தான் அமெரிக்க மருந்துத் துறை ஆறியதாக ஏற்கும்.

● விலை கூடிய கட்டுதான் நல்லது என்று கடன் வாங்காதீர்கள். பிரிட்டனில் 317 பேரிடம் மூன்று வகைக் கட்டுகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியிட்டார்கள். ஒட்டாத சாதாரண வலைத்துணி, அயோடின் கட்டு, விலை கூடிய நார்க்கட்டு மூன்றுக்கும் புண் ஆறுவதில் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. பெக்சிகனான் என்ற களிம்பும் 2016-இல் இறுதிக்கட்ட ஆய்வில் தோற்றது. இப்படிப்பட்ட முடிவுகளும் நோயாளியின் பணத்தைக் காப்பாற்றுகின்றன.

● நாட்டு மருந்து சாப்பிடுவதையோ புகைபிடிப்பதையோ செருப்பில்லாமல் நடந்ததையோ ஆய்வுக் குழுவிடம் மறைக்காதீர்கள். யாரும் திட்டமாட்டார்கள், மறைத்தால் கணக்குத்தான் தப்பாகும்.

● ஆய்வுக்காகச் செய்யும் கூடுதல் பரிசோதனைக்கோ ஆய்வு மருந்துக்கோ பணம் கட்டாதீர்கள். கேட்டால், படிவத்தில் இருக்கும் நெறிமுறைக் குழுவின் எண்ணுக்குப் பேசுங்கள்.

● காய்ச்சல், பரவும் சிவப்பு, வீக்கம், துர்நாற்றம் இவற்றில் எது வந்தாலும் ஆய்வில் குறித்துக் கொடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள். அன்றே போங்கள், இரவானாலும்.

● புண் ஆறியதும் செருப்பைத் தூக்கிப் போடாதீர்கள். ஆறிய ஓராண்டுக்குள் சுமார் 40 சதவீதத்தினருக்கும் ஐந்தாண்டுக்குள் 65 சதவீதத்தினருக்கும் புண் திரும்ப வருகிறது. ஆய்வின் கடைசி நாளில் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன், அடுத்த பாதப் பரிசோதனைக்குத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.