தானே ஓடும் வண்டியும் வாங்குவோர் விருப்பமும்

பண்டம் வாங்குவோன் தன் நலத்தையே முதற்கண் நாடுவான் என்பது பொருளியலார் கூறும் பொதுவிதி. ஆயின், அப்பண்டம் ஊரார் யாவரும் வழங்கும் பெருஞ்சாலையில் ஓடுவதாயின் அவ்விதி போதுமா? தானே ஓடும் மோட்டார் வண்டியைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

இப்பொருள் நமக்குத் தொலைவிலுள்ளதன்று. செங்கற்பட்டையடுத்த மகிந்திரா உலக நகரில் 2012-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஆராய்ச்சிக் கூடத்தில் உருவான எக்ஸ்.யூ.வி. 700 என்னும் வண்டி 2021-இல் வெளிவந்தது. அதன் உயர்ந்த வகைகள், ராடாராலும் காமிராவாலும் முன்னே வருவதை அறிந்து, வேண்டுங்கால் தாமே பிரேக்கைப் பிடிக்கும் திறனுடையன. எனினும், இவ்வமைப்பு ஓட்டுநர்க்குத் துணையேயன்றி ஓட்டுநர் அன்று. தானியக்கத்தை 0 முதல் 5 வரை ஆறு படிகளாக வகுப்பர். எவ்விடத்தும் மனிதன் கை வேண்டாத நிலையே 5-ஆம் படி. ஓட்டுநர்தம் பிழைப்புக் கெடுமென்று கருதி, ஓட்டுநரில்லா வண்டிகளை இந்நாட்டில் அனுமதியோமென மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-இல் கூறினார்.

இனி, வாங்குவோர் விருப்பத்தை நோக்குவாம். பொன்னபோன், ஷரீஃப், ரஹ்வான் என்னும் அறிஞர் மூவர் அமெரிக்க மக்களிடை நிகழ்த்திய ஆராய்ச்சி 2016-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. நடந்து செல்வோர் பதின்மரைக் காக்கும்பொருட்டு வண்டியிலுள்ள ஒருவரை இழக்க நேரின், வண்டி செய்யத்தக்கது யாது? பதின்மரைக் காத்தலே அறமென நூற்றுக்கு 76 பேர் விடையளித்தனர். ஆனால், விலைகொடுத்து வாங்குவதெனின், தம்மையும் தம் குடும்பத்தாரையும் காக்கும் வண்டியையே விரும்பினர். அறம் பிறர் வண்டிக்கு. காப்புத் தம் வண்டிக்கு! சட்டத்தால் அவ்வறத்தைக் கட்டாயமாக்கின், வாங்கவே தயங்குவோமென்றும் உரைத்தனர்.

இதனை நம் சாலையில் வைத்து எண்ணுவோம். மாமல்லபுரத்திற்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், விரைந்தோடும் வண்டிகளுக்கிடையே மீன்கூடை சுமந்த மகளிரும், மிதிவண்டியேறிய சிறுவரும், மேய்ந்து திரும்பும் பசுக்களும் குறுக்கிடுதல் நாம் காணும் காட்சியே. இவர்கள் வண்டி வாங்குவோரல்லர். ஆதலின் இவர்தம் விருப்பத்தை வணிகர் வினவுவதில்லை. வாங்குவோன் விருப்பமொன்றே வண்டியின் நெறியை வகுக்குமாயின், நடப்போன் உயிர் எக்கணக்கிலும் சேராதொழியும்.

சட்டம் மிகக் கடிதாயின் வாங்குவோர் விலகுவர். விபத்தைக் குறைக்கவல்ல வண்டியும் வாராது நிற்கும். சட்டமே இல்லையெனின் எளியோர் இடருறுவர். ஆதலின், நெறி வகுக்குங்கால் வண்டியிலிருப்போரோடு சாலையில் நடப்போரையும் ஒருங்குவைத்துக் கேட்டலே முறை. நம் மாணவருட் சிலர் நாளை பொறியியலாராகவும், வணிகராகவும், சட்டமியற்றுவோராகவும் விளங்குவர். “வாங்குவோன் யாது விரும்புகின்றான்?” என்று அவர்கள் வினவுவதோடு அமையாது, “வாங்காதவன் நிலை யாது?” என்றும் வினவுவாராக.